தாய்மாமன் பால் தேடிய கதை

‘அவசரமாகப் பால் தேவை. யாரிடமாவது இருந்தால் உடனே சொல்லவும்.’

தீபாவளி முடிந்த வாரம், எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட மெசேஜ் இது.

மூச்சு விடுவதற்குள் பதில்கள். ‘ஃபுல் க்ரீமா, டோன்டா சார்?’ என்றது மூன்றாவது மாடி. ‘எங்க வீட்ல ரெண்டு பாக்கெட் எக்ஸ்ட்ரா இருக்கு, வாட்ச்மேன்கிட்ட குடுத்து விடறேன்’ என்றது முதல் மாடி. செகரெட்டரி ஒரு படி மேலே போனார். ‘பல்லடம் ரோட்டுல கண்ணு முன்னாடியே கறந்து தருவாங்க. எத்தனை லிட்டர் வேணும்?’

என் மனைவி சுமதி போனை வாங்கிப் படித்தாள். தலையில் அடித்துக்கொள்ளவில்லை... ஆனால் அடித்துக்கொண்ட மாதிரியே ஒரு பார்வை.

“ஏனுங்க, என்ன பாலுன்னு எழுத வேண்டாமா?”

எப்படி எழுதுவது? குரூப்பில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார். வட்டிக்கடைக்காரர் இருக்கிறார். எனக்கு ஆர்டர் கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனி ஓனர் இருக்கிறார். இத்தனை பேருக்கு நடுவில், மீசை வைத்த ஓர் ஆம்பிளை, ‘தாய்ப்பால் வேண்டும்’ என்று டைப் அடிக்க வேண்டும். என் விரல் ‘தா’ வரைக்கும் போனது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். பனியன் போட்டதும் பின்கழுத்தில் ஒன்று குத்துமே — அந்த லேபிள் அடிக்கிறவன் நான். (எரிச்சலில் திட்டுவீர்களே, அது எனக்குத்தான் வந்து சேர்கிறது.) இந்தத் திருப்பூரில் கேட்டுக் கிடைக்காத பொருள் ஒன்று உண்டா? கிளிப்பச்சையில் கொஞ்சம் மஞ்சள் கலந்த நூல் வேண்டும் என்றால் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். யானை வடிவத்தில் பட்டன் வேண்டும் என்றால், தும்பிக்கை தூக்கியதா தொங்கியதா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஒரு டம்ளரின் அடிப்பாகம் நனைகிற அளவு பாலுக்காக நான் அலைந்தேன்.

என் தங்கை கவிதா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கப்பலேறும் வரை அவள் பொறுப்பு. வெளிநாட்டுப் பையர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே சரக்கை அனுப்பிப் பேர் வாங்கியவள். குழந்தை விஷயத்திலும் அதே பழக்கத்தைக் காட்டிவிட்டாள். டாக்டர் சொன்ன தேதிக்கு நிறைய வாரங்கள் இருக்கும்போதே பிபி ஏறி, வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. பெண் குழந்தை. அம்மா ஒரு ஐ.சி.யூ.விலும், மகள் வேறொரு ஐ.சி.யூ.விலும் படுத்திருந்தார்கள். ஒருவரையொருவர் இன்னும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

கவிதாவுக்குப் பால் சுரக்கவில்லை. சுரந்தாலும், அவளுக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துகளோடு அதைக் கொடுக்க முடியாது. எனவே பவுடர் பால். எல்லாக் குழந்தைகளும் குடிப்பதுதானே?

எங்கள் பாப்பா குடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. குடித்தாள். பிறகு எல்லாவற்றையும் வெளியே தள்ளினாள். வயிறு மத்தளம் மாதிரி உப்பியது. பிராண்டை மாற்றினார்கள். மலத்தில் ரத்தம் வந்தது. அன்றோடு பவுடர் பாலை நிறுத்திவிட்டு, ட்ரிப்ஸ் மட்டும் ஏற்றினார்கள்.

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் டாக்டர் ஓர் அம்மாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். என்னையும் கவிதாவின் வீட்டுக்காரர் பிரகாஷையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“குழந்தைக்குப் பவுடர் ஒத்துக்கலை. குடல் ரொம்ப நோஞ்சான். இனிமே தாய்ப்பால்தான். அம்மாவுக்குப் பால் வர்ற வரைக்கும் வேற அம்மாகிட்ட.”

“பசும்பால் கொஞ்சம் தண்ணி கலந்து...” என்று பிரகாஷ் ஆரம்பித்தார்.

“அதே பசும்பால்தான் சார் பவுடரா வருது. நம்ம தாய்ப்பால் பேங்க்ல கொஞ்சம்தான் இருக்கு. அதை நம்பி உள்ளே இன்னும் குழந்தைங்க இருக்காங்க. ரெண்டு மூணு நாள் ட்ரிப்ஸ்ல நான் பார்த்துக்கறேன். நீங்க தானம் கொடுக்கறவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க.”

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஜனம் இன்னும் திரும்பவில்லை. தென் மாவட்ட பஸ்களும் வடக்கே போன ரயில்களும் பாதித் திருப்பூரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தன. பால் கொடுத்துக்கொண்டிருந்த இளம் தாய்மார்களும் அதில் அடக்கம். வங்கியின் ஃப்ரீஸர் கிட்டத்தட்டக் காலியானதற்குக் காரணம் அவ்வளவுதான். யாரைக் குறை சொல்ல முடியும்?

அன்று கண்ணாடி வழியாகப் பாப்பாவைப் பார்த்தேன். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியவள். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு ஊசி. கண்கள் மூடியிருந்தன. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது... சப்பி, நிறுத்தி, மறுபடி சப்பி. எதிரில் ஒன்றுமே இல்லை. காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் பிரகாஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். “தூசி விழுந்துருச்சுங்க மாமா” என்றார். ஏ.சி. அறை வாசலில் ஏது தூசி? எனக்கும் விழுந்திருந்தது.

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் பெரிய பதவி. காது குத்தும்போது மடி வேண்டும், கல்யாணத்தில் சீர்த்தட்டு வேண்டும், போட்டோவில் நடுவில் நிற்க வேண்டும். பேரிலேயே ‘தாய்’ இருக்கிறாள். ஆனால் இந்தச் சமயத்தில் அந்தப் பதவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்துதான் அந்தப் புகழ்பெற்ற மெசேஜைப் போட்டேன்.

சுமதி என் மெசேஜை அழித்துவிட்டு, தன் பெயரில் ஒன்று எழுதினாள். வளைவு நெளிவு கிடையாது. ‘என் நாத்தனாரின் குழந்தைக்குத் தாய்ப்பால் தேவை. பால் கொடுக்கும் தாய்மார்கள் தானம் தரலாம். அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து எடுத்துக்கொள்வார்கள். நானே கூட்டிப் போகிறேன்.’

குரூப் சற்று நேரம் அமைதியாக இருந்தது. ‘இனிய காலை வணக்கம்’ கூட வரவில்லை. நான் கூச்சத்தில் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

முதலில் வந்த போன் யாரிடமிருந்து தெரியுமா? நான் பயந்தேனே, அந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரிடமிருந்து. “மருமக குழந்தைக்குக் குடுத்தது போக மிச்சம் இருக்குதுன்னு சொல்லுதுங்க. நானே கார்ல கூட்டிட்டு வந்து விடட்டுங்களா? எந்த கேட்டுல நிறுத்தறது?” என்றார். அவ்வளவு சாதாரணமாக!

ஒரு சொல்லை எழுத எனக்கு அரை நாள் ஆகியும் முடியவில்லை. அதைக் கேட்டு யாருமே மயங்கி விழவில்லை. நாமாகவே சில வார்த்தைகளுக்குத் துணி போட்டு மூடி வைத்துக்கொண்டு, அப்புறம் அந்தத் துணியைப் பார்த்து நாமே வெட்கப்படுகிறோம், இல்லையா?

ஆனால் ஹெட்மாஸ்டரின் மருமகளுக்கு அந்த வாரம் காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகிக் கொஞ்ச நாள் போகட்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கோ உடனே வேண்டும்.

லேபிள் சப்ளை செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் போனேன். எச்.ஆர். மேடத்திடம், “குழந்தை பெற்ற லேடீஸ் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன். “மெட்டர்னிட்டி லீவுக்கு ஆள் போடணுமா சார்? தீபாவளிக்குப் போனவங்களே வரலை” என்று அவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். விஷயத்தை விளக்கியதும் அந்த அம்மாள் உருகிப்போய், இருந்த எல்லாத் தையல் லைனிலும் விசாரித்தார். அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தவர்களில் கைக்குழந்தைக்காரி ஒருத்தரும் இல்லை.

சோர்ந்துபோய் என் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது அக்பர் பாய் வந்தார்.

காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிறவர். என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர். லேபிள் டிசைனில் ஓர் எழுத்து சாய்ந்திருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அன்று டிசைனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“என்னங்க தம்பி, மொகம் வாடிக் கெடக்குது? ஆர்டர் கேன்சலா?”

சொன்னேன். சுமதியின் மெசேஜ் கொடுத்த தைரியத்தில், அந்தச் சொல்லையும் விழுங்காமல் சொல்லிவிட்டேன்.

பாய் டிசைனை மேஜையில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். “என்ற மக ஷாஹினா பேறுகாலத்துக்கு வந்தவ, இங்க ஊட்லதானுங்க இருக்கறா. பையனுக்கு மூணு மாசமாச்சு. அவன் குடிச்சது போக... அது வந்து... கட்டிக்கிட்டு வலிக்குதுன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லி அழுவறா...”

அத்தோடு நிறுத்திவிட்டார். நடுவில் மேஜை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ரெண்டு ஆம்பிளைகளும் ஒரு லேபிள் ரோலை உலகத்திலேயே இல்லாத அதிசயம் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் பாய் மகளுக்கு போன் போட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், எங்கள் குடும்பம், கவிதாவின் வேலை, பிபி, தீபாவளிக் கூட்டம் என்று சுற்றிக்கொண்டே போனார். ஸ்பீக்கரில் ஷாஹினாவின் குரல் கேட்டது.

“அத்தா, அந்தப் பாப்பாவுக்குப் பால் வேணும், அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு ஈரோடு போயி இங்க வர்றீங்க? எப்பக் கெளம்பணும்?”

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தன் கணவனுக்கும் அவளே போன் செய்தாள். அவர் சொன்னதை அவள் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: “குடுக்கறது நீ. குடிக்கறது அந்தப் புள்ளை. நடுவுல என்ற பர்மிஷன் எதுக்குன்னு கேக்கறாருங்க.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் வண்டி நின்றது.

தாய்ப்பால் வங்கியின் செல்வி சிஸ்டர் திருநெல்வேலிக்காரர். என்னை அண்ணாச்சி என்பார். ஷாஹினாவை உட்கார வைத்து விவரம் சொன்னார். “ரத்தம் டெஸ்ட் பண்ணுவோம்மா. ஒனக்கு மெஷின் வச்சுத் தாரேன், வலிக்காது. எல்லா அம்மாமாரு பாலையும் ஒண்ணாச் சேத்து, சூடு பண்ணி, குளுர வச்சு, கிருமி இருக்கான்னு பாத்துட்டுத்தான் குடுப்போம். யாரு குடுத்தா, யாரு குடிச்சான்னு யாருக்கும் சொல்ல மாட்டோம், பாத்துக்க.”

அக்பர் பாயின் முகம் மாறியது.

“யாருக்குப் போவுதுன்னு சொல்ல மாட்டீங்களா சிஸ்டர்?”

“சொல்லக் கூடாதுல்லா.”

“அப்படீன்னா... எங்களுக்கு ஒத்து வராதுங்களே.”

இத்தனை தூரம் வந்துவிட்டு, கடைசியில் இவரும் ‘எந்தச் சாதி, எந்த மதம்’ என்று பார்க்கிறாரா? என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எந்தப் புள்ளைக்கும் குடுக்கலாமுங்க, அதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா யாருன்னு தெரியணும். எங்க மார்க்கத்துல, ஒரு தாய்கிட்டப் பால் குடிச்ச புள்ளைங்க கூடப் பொறந்த மாதிரி. பால்குடி அண்ணன் தங்கச்சி. அவங்களுக்குள்ள கல்யாணம் ஆகாதுங்க. நாளைக்கு என்ற பேரனுக்குப் பொண்ணு பாக்கறப்ப, தெரியாத்தனமா அவன் தங்கச்சியவே பேசி முடிச்சிட்டா? அந்தப் பாவம் யாருக்குங்க?”

மாப்பிள்ளைப் பையன் அம்மாவின் தோளில் கிடந்தான். தன் கல்யாணப் பேச்சு ஓடுவது தெரியாமல், முஷ்டி முழுவதையும் வாய்க்குள் திணிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

நான் நினைத்ததற்கு நேர் எதிராக இருந்தது. பாய் விலகப் பார்க்கவில்லை. சொந்தம் வந்து சேர்கிறது, அது யாரென்று தெரியாமல் எப்படி என்று கேட்கிறார்! நாம் எல்லோரும் பால் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறோம். இவர்கள் அதில் ஓர் உறவைப் பார்க்கிறார்கள்.

ஆனால் சிஸ்டருக்கு விதி விதிதான். பாய்க்கு மார்க்கம் மார்க்கம்தான். ரெண்டு பேரும் மரியாதையாக, ‘இல்லீங்க’, ‘முடியாதுல்லா’ என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்தக் காற்றைக் குடிக்கிற வாய்தான் கண்ணுக்குள் நின்றது.

ஷாஹினா எழுந்தாள். “சிஸ்டர், இவங்க பாப்பா யாருன்னு எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நாங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியும். மறைக்கறதுக்கு என்ன இருக்குது? என்ற பாலை மட்டும் தனியா வச்சு அந்தப் பாப்பாவுக்கு மட்டும் குடுங்க. பெரிய டாக்டரைக் கூப்புடுங்க, நான் பேசறேன்.”

டாக்டர் அம்மாள் வந்தார். கேட்டார். யோசித்தார்.

“தனியா எடுக்கணும், தனியா சூடு பண்ணணும், தனியா டெஸ்ட். எங்க ஆளுங்களுக்கு டபுள் வேலை.” என்னைப் பார்த்தார். “ஆனா உங்க குழந்தை பேங்க் பால் எடுக்காம இருந்தா, அது மத்த குழந்தைங்களுக்குப் போகும். சரி, ரெண்டு குடும்பமும் கையெழுத்துப் போடுங்க. செய்யலாம்.”

தனி லாட்! சிவப்புச் சாயத் துணியில் வேறு தடவை சாயமேற்றிய இன்னொரு லாட் துணி கலந்துவிட்டாலே பையர் பத்து மெயில் போடுகிற ஊர் இது. எங்களுக்கா இது புரியாது? பிரகாஷ் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதினார். பிளாஸ்திரி கோணலாக இருந்தது. எனக்குக் கை பரபரத்தது... அடக்கிக்கொண்டேன்.

அடுத்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பொங்கலூரிலிருந்து என் சித்தப்பா வந்து சேர்ந்தார். தனியாக அல்ல. ஒரு மினி லாரியில், ஓர் ஆட்டோடு.

“குட்டி போட்ட ஆடு சாமி. சீம்பாலு மாதிரி கெட்டியா வரும். கொழந்தைக்கு ஆட்டுப்பாலுதான் குளுமை. அந்த டாக்டரம்மாவை ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லு!”

மருத்துவமனை வாசலில் செக்யூரிட்டி சித்தப்பாவையும் பார்த்தார், ஆட்டையும் பார்த்தார். “ஐயா, அட்டெண்டர் ஒருத்தருக்குத்தான் பாஸுங்க. நீங்க போறதா, அது போறதா?”

ஆட்டுப்பால் பிறந்த குழந்தைக்கு ஆகாது, நம்ம பாப்பாவின் குடல் அதைத் தாங்கவே தாங்காது என்று சித்தப்பாவுக்குப் புரிய வைத்து, ஆட்டை எங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் கட்டினோம். அது செகரெட்டரி வளர்த்த செம்பருத்தியை மேய்ந்தது. குரூப்பில் உடனே மெசேஜ்: ‘பால் தேவைதான், அதற்காக இப்படியா?’

பாவம், சித்தப்பா. மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம், “எனக்குத் தெரிஞ்சது ஆடுதான் சாமி, அதான் கொண்டாந்தேன்” என்றார். அவரைக் கேலி செய்து இங்கே எழுதிவிட்டேனே தவிர, அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோருமே கையில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான்.

ரிசல்ட் வந்தது. எல்லாம் நல்லபடியாக இருந்தது.

முதல் தடவை கொடுத்தபோது பிரகாஷையும் என்னையும் கவுன் மாட்டி உள்ளே விட்டார்கள். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச். அதில் ஒரு ஸ்பூனுக்கும் குறைவான பால். செல்வி சிஸ்டர் குழாய் வழியாக மெல்ல இறக்கினார். பாப்பா ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வருமா? வயிறு உப்புமா? சிஸ்டர் அடிக்கடி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

வரவில்லை. உப்பவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் வராந்தாவில் நின்றிருக்க, சிஸ்டர் கதவைத் திறந்து அறிவித்தார்: “அண்ணாச்சி, பாப்பா மோஷன் போயிட்டா! மஞ்சக் கலர்ல, ஜம்முனு! ரத்தம் ஒரு பொட்டு இல்ல!”

பிரகாஷ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் அம்மா போனில் உறவினர் எல்லோருக்கும் செய்தி சொன்னாள். பிளஸ் டூவில் நான் பாஸானபோதுகூட எங்கள் குடும்பத்தில் இவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஷாஹினா தினமும் வந்தாள். அளவு மெல்ல மெல்லக் கூடியது. பாப்பாவின் கன்னத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சதை வந்தது.

அந்தப் பக்கம் கவிதாவும் தேறினாள். வார்டுக்கு மாற்றினார்கள். நான்தான் உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னேன் — வாட்ஸ்அப், ஆடு, தனி லாட். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

கவிதா சிரிக்கவில்லை. போர்வையின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“அப்ப... எனக்கு முன்னாடியே அவங்க குடுத்துட்டாங்களாண்ணா?”

நல்லதுதானே நடந்தது? நல்லதுதான். ஆனாலும், பெற்றவள் இன்னும் முகம் பார்க்காத குழந்தைக்கு, இன்னொருத்தி பசியாற்றிவிட்டாள். அவளைக் கேட்கவும் இல்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை என்பது எங்களுக்குத்தான் காரணம். அவளுக்கு அது சமாதானம் இல்லை. தாய்மாமன் வாயை மூடிக்கொண்டு ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சுடுதண்ணீர் பிடிக்கக் கிளம்பினான்.

திரும்பி வரும்போது கட்டில் ஓரத்தில் ஷாஹினா உட்கார்ந்திருந்தாள். சுமதிதான் அழைத்து வந்திருந்தாள். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?” என்றாள் ஷாஹினா. “மொத மாசம் பூரா எனக்கு நெஞ்சு கல்லு மாதிரி கட்டிக்கிட்டுக் காய்ச்சல் வந்துருச்சு. பையன் கொஞ்சம் குடிச்சுட்டுத் தூங்கிருவான். அப்பறமும் நான் பாத்ரூம்ல நின்னு பீச்சி விட்டுட்டு அழுவேன். வலிக்கு இல்லீங்க... இப்படிச் சாக்கடைக்குப் போவுதேன்னு. உங்க பொண்ணு வந்துதான் அதை நிறுத்துனா. நான் உங்களுக்கு உதவி பண்ணேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அவ பண்ணதை யாரு சொல்லுவாங்க?”

கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

பிறகு கவிதாவின் குரல். “எனக்கு இன்னும் வரவே இல்லீங்க, ஷாஹினா. மெஷின் வச்சா சொட்டுக்கூட விழல. எனக்கு வருமா?”

“வரும்க்கா. மொதல்ல பாப்பாவை நெஞ்சு மேல போட்டுக்கோங்க. எனக்கும் அவன் அழுவற சத்தம் கேட்டாத்தான் ஊறுது. மெஷினு என்ன அழுவவா போவுது?”

ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒருத்தி சிரித்துக்கொண்டே அழுதாள் என்று நினைக்கிறேன். எவள் என்று பார்க்கவில்லை. ஃப்ளாஸ்க்கோடு இன்னொரு நடை போய்விட்டு வந்தேன்.

டாக்டர் அனுமதித்ததும் பாப்பாவைக் கவிதாவின் நெஞ்சின் மேல் போட்டார்கள். சொட்டு வந்தது. சொட்டு, ஸ்பூனாயிற்று. கொஞ்ச நாள் ரெண்டு அம்மா பாலும் போனது. அப்புறம் ஒருநாள் ஷாஹினா வந்தபோது, “இன்னிக்கு ஒங்க ஆளுக்கு அவ அம்மாவே போதும், தாயி” என்றார் செல்வி சிஸ்டர். ஷாஹினா தயங்கவில்லை. “அப்ப இனி உங்க பேங்க்ல சேத்துக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு, உடனே, “அய்யோ, யாருன்னு சொல்ல மாட்டீங்களே...” என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வழக்கை டாக்டர் அம்மாளும் அக்பர் பாயும் இன்னும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் காய்ச்சல் தேறிய ஹெட்மாஸ்டர் மருமகள் ஃப்ரீஸரின் ஒரு தட்டை நிரப்பிவிட்டாள். ஊருக்குப் போனவர்களும் திரும்பிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா வீட்டுக்கு வந்தாள். யாழினி என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்னமும் சின்னவள்தான். ஆனால் பசித்தால் அவள் போடுகிற சத்தத்தில் பக்கத்துத் தெருத் தறியே நின்றுவிடும் போலிருக்கிறது.

அக்பர் பாய் குடும்பத்தோடு வந்திருந்தார். கை நிறையக் குட்டிக் குட்டி பனியன்கள் — லேபிள் வெட்டியெடுத்தவை! “புள்ளைக்குக் குத்துமுங்களே தம்பி” என்றார், என் முகத்துக்கு நேராக.

பிறகு எல்லோரையும் உட்கார வைத்து முறைப்படி அறிவித்தார். “இன்னிலேர்ந்து இவ என்ற பேரனுக்குத் தங்கச்சிங்க. நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் இது மாறாது.” எங்கள் அம்மாவிலிருந்து பிரகாஷ் வரை எல்லோரும் தலையாட்டினோம். கவிதா ஷாஹினாவின் கையைப் பிடித்திருந்தாள்.

பாய் என் பக்கம் திரும்பினார். “அப்ப தம்பி, ஒரு கணக்கு வருதுங்களே. நீங்க யாழினிக்குத் தாய்மாமன். அவ அண்ணன் என்ற பேரன். அப்ப அவனுக்கு நீங்க யாருங்க?”

சுமதிதான் முதலில் சிரித்தாள். நான் கொஞ்சம் யோசித்துத்தான் சிரித்தேன். ஒரு மருமகளுக்குப் பால் தேடப் போனவனுக்கு, சும்மா இருந்த இடத்தில் ஒரு மருமகனும் வந்து வாய்த்திருக்கிறான். சீர், செனத்தி எல்லாம் ரெண்டு செட்!

“கொண்டாங்க எங்க மருமகனை” என்று கை நீட்டி வாங்கி, மடியில் நிறுத்திக் கொஞ்சினேன். பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆள் சரிதானா என்று பார்த்திருப்பான் போல... அடுத்த நொடி என் வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

மாமன் மேலதான் உரிமை... எடுத்துக்கட்டும்!